முதுமையில் தசைத் தேய்வும் அமினோ அமிலத் துணை உணவுகளும்

நம் நாட்டின் மக்கள் தொகையில் முதியோரின் பங்கு தொடர்ந்து உயர்ந்து வருகின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 60 வயதை எட்டியவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். மொத்த மக்களில் 8.6 விழுக்காட்டினர். கேரளத்தில் இவ்விகிதம் 12.6 ஆகவும், தமிழ்நாட்டில் 10.4 ஆகவும் இருந்தது. 2036ஆம் ஆண்டில் நாட்டின் முதியோர் தொகை ஏறத்தாழ 22 கோடியே 70 லட்சமாக இருக்குமென்று மக்கள் தொகை முன்கணிப்புக்கான தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டுள்ளது. அப்போது நூற்றுக்குப் பதினைந்து பேர் முதியோராக இருப்பர்.

ஆயுள் நீள்வது வளர்ச்சியின் ஒரு சின்னமேயாகும். ஆயினும் நீண்ட ஆயுளைப் பிறர் கையை எதிர்பாராமல் கழிக்க இயலுமா என்பது வேறு கேள்வி. நாற்காலியிலிருந்து எழுதல், குடத்தைத் தூக்குதல், பேருந்துப் படியேறுதல் ஆகியவற்றைச் செய்ய இயலாத முதியவர் வீட்டில் ஒருவருடைய உழைப்பு நேரத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ள நேரிடுகின்றது. இந்த இயலாமைக்குப் பெருங்காரணம் தசைத் தேய்வு. அதற்குப் பரிகாரமாக அமினோ அமிலங்கள் சேர்ந்த தூள்களும் மாத்திரைகளும் மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. இவற்றின் பயன் என்ன, எல்லை என்ன, அரசுத் திட்டங்கள் இவற்றை எவ்வாறு நோக்க வேண்டும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உணவு ஆராய்ச்சியில் ஐதராபாத் நகருக்குள்ள நீண்ட அனுபவம் இதற்குத் துணை நிற்கின்றது.

தசை தேய்வது ஏன்?

உடலில் தசைப் புரதம் ஓயாமல் கட்டப்பட்டும் சிதைக்கப்பட்டும் வருகின்றது. இளமையில் இவ்விரண்டும் சமநிலையில் இருக்கும். முப்பது வயதுக்குப்பின் சிதைவு சற்றே மிகுந்து, பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகின்றது. அறுபதுக்குப்பின் இக்குறைவு விரைவுபடுகின்றது. தசையின் பருமன் குறைவதைக் காட்டிலும் அதன் வலிமை வேகமாகக் குறைகின்றது என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே உடல் எடை மாறாதிருப்பதைக் கொண்டு தசை நன்றாக இருக்கின்றதென்று முடிவு செய்ய இயலாது. தேய்ந்த தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கலாம்.

இந்நிலைக்கு 'சார்க்கோபீனியா' என்னும் பெயரை 1980களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் முன்மொழிந்தார். கிரேக்க மொழியில் அதற்குத் தசைக் குறைவு என்பது பொருள். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் இதனைக் கண்டறிய எளிய அளவைகளை வகுத்தது. கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் வலிமைக் குறைவு எனக் கொள்ளப்படும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் எச்சரிக்கைக் குறியே. கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது மற்றோர் அடையாளம். இவற்றில் நாற்காலிச் சோதனைக்கும் கெண்டைக்கால் அளவுக்கும் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஓர் அளவு நாடா ஆகியவற்றுக்கு மேல் கருவி எதுவும் வேண்டுவதில்லை.

வயது ஒன்றே காரணமன்று. அசைவின்மை, போதாத உணவு, நீரிழிவு போன்ற நோய்கள், மருத்துவமனைப் படுக்கை ஆகியவை தேய்வைத் துரிதப்படுத்துகின்றன. 2007இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள முதியோர் பத்து நாட்கள் படுக்கையில் இருத்தப்பட்டனர். அச்சிறு காலத்திலேயே அவர்களுடைய கால்களிலிருந்து சராசரி ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்தது. எலும்பு முறிவாலோ காய்ச்சலாலோ படுத்த முதியவர் பின் எழுந்து நடமாட இயலாமற் போவதன் காரணம் இதனால் விளங்கும்.

அமினோ அமிலங்களின் பணி

நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றது. புரதங்களில் இடம்பெறும் அமினோ அமிலங்கள் 20. இவற்றுள் 9 உடலால் ஆக்க இயலாதவை, உணவிலிருந்தே பெறவேண்டியவை. இன்றியமையாத இவ்வொன்பதில் லூசின், ஐசோலூசின், வாலின் என்னும் மூன்றும் கிளைத்தொடர் அமிலங்கள் எனப்படும். துணை உணவு விளம்பரங்களில் பெரிதும் பேசப்படுபவை இவையே.

லூசினுக்கு இரட்டைப் பணி உண்டு. அது தசைப் புரதம் கட்டப்படுவதற்கான மூலப்பொருள்களில் ஒன்று. அத்துடன், கட்டும் வேலையைத் தொடங்குமாறு உயிரணுவுக்குக் குறிப்புத் தரும் பொருளாகவும் அது இயங்குகின்றது. முதியோரின் தசை இக்குறிப்பை மந்தமாகவே உணர்கின்றது. இளைஞரின் தசையைத் தூண்டப் போதுமான சிறிதளவு புரதம் முதியவரின் தசையைத் தூண்டப் போதுவதில்லை. லூசின் விகிதத்தை உயர்த்திக் கொடுத்தபோது முதியோரின் தசையிலும் புரத ஆக்கம் பெருகியதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. துணை உணவுகளுக்கான அறிவியல் அடிப்படை இதுவேயாகும். இதனைக் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை.

2013இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று, உடல்நலமுள்ள முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டுமென்றும், ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் புரதமும் அதில் ஏறத்தாழ 2.5 கிராம் லூசினும் இருத்தல் நலமென்றும் பரிந்துரைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி வயது வந்தோருக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் என்பது இதன் கணக்கு. இரு பரிந்துரைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 65 கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் பதினொன்று முதல் இருபத்து நான்கு கிராம் புரதமே என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

சில மணி நேரம் புரத ஆக்கம் உயர்வது ஒன்று. பல மாதங்களுக்குப்பின் தசையும் வலிமையும் கூடியிருப்பது மற்றொன்று. முன்னதைக் கொண்டு பின்னதை ஊகிப்பது தவறாகும் என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு சான்றாகும். உடல்நலமுள்ள முதிய ஆண்களுக்கு மூன்று மாதங்கள் ஒவ்வொரு வேளை உணவுடனும் 2.5 கிராம் லூசின் தரப்பட்டது. அவர்களுடைய தசையின் பருமனோ வலிமையோ கூடவில்லை என்று 2009இல் முடிவு வெளியாயிற்று. அவர்களது உணவில் புரதம் முன்னரே போதிய அளவில் இருந்ததே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது.

புரதம் குறைவாக உண்போரின் நிலை என்ன? உடலியக்கம் குன்றிய 65 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 92 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம், மற்றொரு பிரிவினருக்கு 1.3 கிராம் என ஆறு மாதங்கள் புரதம் தரப்பட்டது. இரு பிரிவினரிடையே தசையிலும் வலிமையிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை.

மாறான சான்றுகளும் உண்டு. தசைத் தேய்வுள்ள முதியோர் 380 பேருக்கு ஐரோப்பாவில் 13 வாரங்கள் லூசின் மிகுந்த வே புரதமும் வைட்டமின் டியும் கொடுக்கப்பட்டன. பாலைத் திரித்தபின் எஞ்சும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படுவது வே புரதம். 2015இல் வெளியான முடிவின்படி, கை கால் தசை சிறிது கூடியது. நாற்காலியிலிருந்து எழும் வேகம் உயர்ந்தது. கைப்பிடி வலிமையில் பயன் தெரியவில்லை. ஏற்கெனவே நலிவுற்றவர்களுக்கு ஓரளவு பயன் கிட்டக்கூடும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

இவையனைத்திலும் தெளிவான விடை தந்தது 1994இல் பாஸ்டன் நகர ஆய்வாகும். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 87 வயதான நூறு பேர் நான்கு பிரிவாக்கப்பட்டனர். சிலருக்குச் சுமை தூக்கும் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. பத்து வாரங்களுக்குப்பின் பயிற்சி பெற்றோரின் தசை வலிமை 113 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சி பெறாதோரிடம் 3 விழுக்காடு மட்டுமே. பானம் மட்டும் பெற்றோருக்குப் பயனில்லை. அவர்கள் ஒரு நாளில் உண்ட மொத்த உணவும்கூட உயரவில்லை. பானம் உள்ளே சென்ற அளவுக்கு வழக்கமான உணவு குறைந்துவிட்டது. பயிற்சியும் பானமும் சேர்ந்தவர்களிடம் மட்டுமே மொத்த உணவு கூடியது.

பொருளாதாரம் பயிலும் மாணவருக்கு இது பழகிய செய்திதான். ஒரு செலவு மற்றொன்றன் மேல் கூடுதலாகச் சேருகின்றதா, அதன் இடத்தைப் பறித்துக்கொள்கின்றதா என்பதைப் பொறுத்தே அதன் நிகரப் பயன் அமையும். காலையில் ஒரு குவளை சத்துப் பானம் அருந்திப் பசியடங்கி, பின் பருப்பையும் தயிரையும் ஒதுக்கும் முதியவர் விலை கொடுத்துப் பெற்ற புரதத்தை வீட்டுப் புரதத்துக்கு மாற்றாகக் கொண்டவரே தவிர, கூடுதலாகப் பெற்றவரல்லர்.

'புரத இடைவெளி' பற்றிய பழைய விவாதம்

ஒரு தனிச் சத்தைப் பிரித்தெடுத்துக் கொடுத்தால் குறை நீங்கிவிடும் என்னும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதன்று. அதனைச் சோதித்துப் பார்த்த வரலாறு ஐதராபாத்துக்கு உண்டு. 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்த தார்நாகா பகுதியில் அது இயங்குகின்றது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சி. கோபாலன் இந்நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார்.

1960களின் இறுதியில், உலகில் புரத நெருக்கடி வரவிருப்பதாக ஐக்கிய நாடுகள் சபை எச்சரித்தது. மீன் மாவு, பாசிப் புரதம், செயற்கை லைசின் முதலியவை தீர்வுகளாக முன்வைக்கப்பட்டன. தானியங்களில் லைசின் குறைவு. ஆகையால் அதனைச் சேர்த்தால் போதும் என்பது வாதம். நம் நாட்டிலும் பொதுத்துறை நிறுவனமான மாடர்ன் பேக்கரீஸ் தயாரித்த ரொட்டியில் லைசின் சேர்க்கப்பட்டது.

ஐதராபாத் ஆய்வாளர்கள் வேறு கேள்வி எழுப்பினர். ஏழைக் குழந்தையின் உணவில் குறைவது புரதமா, மொத்த உணவா? குழந்தைகளின் அன்றாட உணவை அளந்தபோது, புரதத்தைக் காட்டிலும் எரிசக்தியே அதிகம் குறைவதாகக் கண்டனர். போதிய எரிசக்தி கிடைக்காத உடல், உண்ட புரதத்தையும் எரிபொருளாகச் செலவழித்துவிடுகின்றது. 1973இல் கோபாலனும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 310 கலோரியும் 3 கிராம் புரதமும் தரும் கூடுதல் உணவு பெற்ற குழந்தைகள், அதனைப் பெறாதவர்களைக் காட்டிலும் நன்கு வளர்ந்தனர். புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மேயும் உணவுக் கணக்கெடுப்புகளைக் கொண்டு இதே முடிவை வலியுறுத்தினார். கோதுமை, கடலைப் பருப்பு, நிலக்கடலை, வெல்லம் ஆகிய எளிய பொருள்கள் சேர்ந்த 'ஐதராபாத் கலவை' இந்நகரின் ஆராய்ச்சி நாட்டுக்குத் தந்த உணவாகும்.

முதியோர் பற்றிய சிந்தனைக்கும் இது பொருந்தும். கஞ்சியும் ஊறுகாயும் உண்டு நாளைக் கழிக்கும் மூதாட்டிக்கு லூசின் தூள் கொடுத்தால், எரிசக்தி போதாத உடலில் அதுவும் எரிபொருளாகவே கழியும். முதலில் வயிறு நிறைய வேண்டும். பின்னரே எந்த அமினோ அமிலம் என்னும் கேள்வி எழும்.

சோளமும் லூசினும்

லூசின் பற்றியே ஐதராபாத்தில் தனியொரு வரலாறு உண்டு. தக்காணப் பீடபூமியில் சோளத்தை முக்கிய உணவாகக் கொண்ட ஏழை உழவர்களிடையே பெலாக்ரா என்னும் நோய் காணப்பட்டது. வெயில் படும் இடங்களில் தோல் கருத்து வெடித்தல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை இதன் அடையாளங்கள். நியாசின் என்னும் வைட்டமின் குறைவே இதற்குக் காரணம். மக்காச்சோளம் உண்ணும் நாடுகளில் இந்நோய் தோன்றுவதற்கு விளக்கம் இருந்தது. மக்காச்சோளத்தில் நியாசின் உடலுக்குக் கிட்டாத வடிவில் உள்ளது. உடல் நியாசின் ஆக்கிக்கொள்ள உதவும் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலமும் அதில் குறைவு. சோளத்துக்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை. சோளமும் மக்காச்சோளமும் ஒத்திருப்பது ஒன்றில்தான்: இரண்டின் புரதத்திலும் லூசின் மிகுதி. அரிசிப் புரதம் நூறு கிராமில் லூசின் ஏறத்தாழ 8 கிராம். சோள வகைகள் பலவற்றில் 11 கிராமுக்கும் மேல்.

அளவுக்கு மீறிய லூசின், டிரிப்டோபானிலிருந்து நியாசின் உண்டாகி உடலுக்குப் பயன்படும் வழியில் குறுக்கிடுகின்றது என்னும் கருத்தைக் கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் வெளியிட்டனர். ஐசோலூசினைச் சேர்த்தபோது இக்கேடு குறைந்ததாகத் தொடர்ந்து வந்த ஐதராபாத் ஆய்வுகள் கூறின. லூசின் குறைந்த சோள வகைகளைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. பிற நாட்டு ஆய்வுக்கூடங்கள் சிலவற்றில் இதே முடிவு கிட்டாததால், லூசினின் பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை நிலவியது. பிற்காலத்தில் மக்களின் உணவு மாறி, பலவகைப்பட்டதும் இந்நோய் அரிதாயிற்று.

இதனைக் கொண்டு, துணை உணவு உட்கொள்வோருக்குப் பெலாக்ரா வருமென்றோ, சோளம் கூடாதென்றோ முடிவு செய்தல் பிழையாகும். பருப்பு, பால், கீரை ஆகியவற்றுடன் உண்ணும் சோளம் சிறந்த உணவே. கவனிக்க வேண்டியது வேறு. அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குபவை. ஒன்றை மட்டும் உயர்த்தும்போது மற்றவற்றின் தேவையும் மாறுகின்றது. தசையைக் கட்டுவதற்கு ஒன்பது அமிலங்களும் வேண்டும். லூசின் வேலையைத் தொடங்கி வைக்கலாம்; மற்ற எட்டும் வந்து சேராவிடில் அவ்வேலை நடைபெறாது.

தட்டிலுள்ள புரதம்

2024 மே மாதத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியருக்கான உணவு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதிலுள்ள 17 நெறிகளில் ஒன்று, உடற்கட்டுக்காகப் புரதத் துணை உணவுகளை நாடுவதைத் தவிர்க்குமாறு கூறுகின்றது. புரதத் தூள்களில் சர்க்கரை, செயற்கைச் சுவையூட்டிகள் முதலியன சேர்ந்திருக்கக்கூடும் என்றும், கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் மிகுவதால் சில தொற்றா நோய்களுக்கான வாய்ப்பு உயரக்கூடும் என்றும் அது எச்சரிக்கின்றது.

அந்நூல் 2,000 கலோரி உணவுக்குக் காட்டும் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி லிட்டர், கொட்டை வகைகளும் எள் போன்ற வித்துகளும் 35 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம். பருப்புக்கு மாற்றாக முட்டை, மீன், இறைச்சி கொள்ளலாம். புரதத்தைக் கணக்கிட்டால் தானியத்திலிருந்து ஏறத்தாழ 22 கிராம், பருப்பிலிருந்து 19, பாலிலிருந்து 10, நிலக்கடலை போன்றவற்றிலிருந்து 7, காய்கறிகளிலிருந்து 5 என மொத்தம் 60 கிராமுக்குச் சற்று மேல் கிட்டுகின்றது. 55 முதல் 60 கிலோ எடையுள்ள முதியவருக்குப் பன்னாட்டுக் குழு கூறும் உயர்ந்த அளவுக்கும் இது ஏறக்குறைய ஈடாகும். தானியத்தில் குறைவான லைசின் பருப்பில் நிறைந்துள்ளது. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உள்ளது. சோறும் பருப்பும் சேர்ந்த உணவின் சிறப்பு இதுவே.

குறை எங்கே எனில், பெரும்பாலான வீடுகளில் முதியோரின் தட்டு இவ்வாறு அமைவதில்லை. பல் விழுந்தமையால் கடலையும் சுண்டலும் விலக்கப்படுகின்றன. காலையில் இரண்டு இட்லி, இரவில் சிறிது ரசஞ்சோறு என்று உண்டால் புரதம் நண்பகலில் மட்டுமே சேரும். கடலையை அரைத்துத் துவையலாக்குவதும், பருப்பைக் குழைய வேகவைப்பதும், காலையில் முட்டையோ பாலோ பெசரட்டு போன்ற பயற்றம் தோசையோ சேர்ப்பதும், இரவுச் சோற்றில் தயிரைக் கூட்டுவதும் செலவு மிகாத மாற்றங்கள்.

விலைக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். துவரம்பருப்பு கிலோ 150 ரூபாய் என்று கொண்டால், அதில் 220 கிராம் புரதம்; ஒரு கிராம் புரதத்தின் விலை 68 காசு. நிலக்கடலை கிலோ 160 ரூபாயானால் கிராமுக்கு 64 காசு. முட்டை 7 ரூபாயானால் கிராமுக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு உட்பட்டது. பால் லிட்டர் 60 ரூபாயானால் கிராமுக்கு இரண்டு ரூபாய்க்கு உட்பட்டது. நூறு கிராமில் 20 கிராம் புரதமுள்ள 400 கிராம் தூள் 800 ரூபாயானால் கிராமுக்குப் பத்து ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறலாம். டப்பாவின் மேலுள்ள அட்டவணையைக் கொண்டு எவரும் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

தெலங்கானாவில் முதியோர் ஓய்வூதியம் 2019இல் மாதம் 2,016 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மேற்கூறிய விலையில் மாதம் இரண்டு டப்பா வாங்கினால் அத்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு கரைந்துவிடும். கிட்டுவதோ நாளொன்றுக்கு ஐந்தரை கிராமுக்கும் குறைந்த புரதம். ஒரு முட்டையில் உள்ளதைவிடக் குறைவு.

துணை உணவு யாருக்கு?

துணை உணவுகளுக்கு இடமே இல்லை என்று கூறுவதற்கில்லை. அறுவைக்குப்பின் தேறி வருவோர், மெல்லவும் விழுங்கவும் இடர்ப்படுவோர், பசி குன்றிச் சில பிடி உணவுக்கு மேல் கொள்ள இயலாதோர், சில மாதங்களில் எடை வெகுவாகக் குறைந்தோர் ஆகியோருக்குச் சிறிய அளவில் செறிந்த புரதம் தேவைப்படும். இவர்களுக்கு மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் ஆலோசனைப்படி, குறித்த காலத்துக்கு, இயலும் அளவு பயிற்சியுடன் துணை உணவு தரப்படுதல் முறையாகும். நெதர்லாந்தில் நலிந்த முதியோரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பயிற்சியுடன் நாளொன்றுக்கு இருமுறை 15 கிராம் புரதம் பெற்றவர்களுக்கு 24 வாரங்களில் தசை 1.3 கிலோ கூடியது. பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்குத் தசை கூடவில்லை. ஆனால் வலிமை இரு பிரிவினருக்கும் ஒத்த அளவில் உயர்ந்தது.

சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் புரதத் தூள் உட்கொள்ளல் கூடாது. நம் நாட்டு முதியோரில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பரவலாக இருப்பதாலும், அவற்றால் சிறுநீரகம் பழுதுபடுவது தொடக்கத்தில் வெளித்தெரியாமையாலும் இவ்வெச்சரிக்கை முக்கியமாகின்றது.

சட்டத்தின் நோக்கில் இப்பொருள்கள் மருந்துகளல்ல. உணவு வகையைச் சார்ந்தவை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் வகுத்த விதிகளின்படி, மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்னும் வாசகம் சிப்பத்தின் மேல் இடம்பெறுதல் வேண்டும். மருந்துக் கடையில் மருந்துகளின் அருகே அடுக்கப்பட்டிருப்பதால் இவ்வேறுபாடு மக்களுக்குப் புலப்படுவதில்லை. சிப்பத்தை வாங்குமுன் அவ்வாசகத்தையும், நூறு கிராமில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதையும் படித்துப் பார்க்கும் பழக்கம் வளரவேண்டும்.

நிர்வாகம் செய்யக்கூடியவை

முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் 2010-11ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் முதியோர் பிரிவும் இயன்முறை மருத்துவ வசதியும் அமைப்பது அதன் கூறுகள். இவ்வமைப்பின் வாயிலாக நாற்காலிச் சோதனையையும் கெண்டைக்கால் அளவையும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசெல்லலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் அதே வேளையில் இதற்கு இரண்டு நிமிடம் போதும். நலிவு கண்டவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் எழுந்தமர்தல், சுவரைத் தள்ளுதல், நீர் நிரப்பிய புட்டியைத் தூக்குதல் போன்ற பயிற்சிகளைக் கற்பிக்கலாம். பாஸ்டனில் 87 வயதினர் பெற்ற பயனை நம்மவர் பெற இயலாது என்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

உணவுத் துறையில், 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்துக்கு உறுதி அளித்துள்ளது. தானியத்தால் எரிசக்திக் குறை பெரும்பாலும் நீங்கும். பருப்பே எஞ்சியுள்ள குறை. தமிழ்நாட்டில் சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தின்கீழ் 2007 முதல் துவரம்பருப்பு மானிய விலையில் வழங்கப்பட்டு வருகின்றது. முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்குச் சத்துணவு மையங்களில் உணவளிக்கும் ஏற்பாடும் அங்கு 1980களில் செய்யப்பட்டது. ஐதராபாத் மாநகராட்சி 2014இல் ஐந்து ரூபாய் மதிய உணவைத் தொடங்கியது. இத்தகைய உணவில் பருப்பின் அளவை உயர்த்துதலும், விரும்புவோருக்கு முட்டை சேர்த்தலும், வெளியே வர இயலாதோருக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழி செய்தலும் பரிசீலிக்கத் தக்கன.

முதியோருக்கான நிதியைக் கொண்டு புரதத் தூள் கொள்முதல் செய்யும் யோசனை எழும்போது அதிகாரிகள் மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம். இதே பணத்தில் பருப்பும் பாலும் முட்டையும் எவ்வளவு வாங்கலாம்? இத்தூள் உணவுக்கு மேல் சேருமா, உணவின் இடத்தைப் பிடிக்குமா? பயிற்சி அளிக்க ஆள் இருக்கின்றாரா? மூன்றாவது கேள்விக்கு விடை 'இல்லை' என்றால், முதலிரண்டின் விடை எதுவாயினும் எதிர்பார்த்த பயன் கிட்டாது. அந்நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு வட்டத்துக்கு ஓர் இயன்முறைப் பணியாளரை நியமிப்பது தூளைவிட நெடுநாள் பயனளிக்கும்.

புரத நெருக்கடி பற்றி உலகம் பேசிய நாளில், அமிலத்தைப் பார்க்குமுன் குழந்தையின் முழு உணவையும் அளந்து பார்த்த பின்னரே ஐதராபாத் விடை கூறியது. முதியோர் தொகை இருமடங்காகப் பெருகவிருக்கும் இக்காலத்திலும் அம்முறையே பின்பற்றத்தக்கது. முதியவர் ஒருவர் நாளில் என்ன உண்கின்றார், எத்தனை முறை எழுந்து நடக்கின்றார் என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். அமினோ அமிலம் பற்றிய முடிவு அதன் பின்னர் எடுக்கப்பட வேண்டியது.